வேடிக்கைத் தேநீர்க் கெண்டியிலிருந்து காகிதப் பரிசுப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு, கார், குரங்கு, காலிஃபிளவர் என்று வேறொன்றின் வேடம் போட்டு நிற்கும் தேநீர்க் கெண்டிகளைச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த வடிவங்களை அட்டையில் வெட்டி மடித்துப் பரிசுப் பெட்டிகளாக்க விரும்புபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் இங்கே. கத்தரிக்கோலும் அளவுகோலும் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது போதும்.

பெட்டி செய்ய எத்தனையோ வடிவங்கள் இருக்கும்போது ஏன் தேநீர்க் கெண்டி?

கெண்டியே ஒரு பெட்டிதான். உள்ளே வெற்றிடம், மேலே மூடி, மூடியைத் தூக்க ஒரு குமிழ். யானையையோ மயிலையோ பெட்டியாக்க நினைத்தால், எங்கே திறப்பது என்ற கேள்வியிலேயே பாதி நாள் போய்விடும். கெண்டியில் அதைக் குயவர் முன்பே தீர்த்து வைத்திருக்கிறார். பரிசு வாங்குபவருக்கும் எதைப் பிடித்துத் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கைக் கெண்டிகள் எங்கிருந்து வந்தன? வரலாறு தெரிந்தால் வடிவமைக்க உதவுமா?

நிறையவே உதவும். எந்த வடிவம் ஏன் வெற்றி பெற்றது என்று பார்த்தால், எதைக் காகிதத்துக்குக் கொண்டுவரலாம் என்பதும் தெரிந்துவிடும்.

தொடக்கம் சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள யிசிங். அங்கே கிடைக்கும் ஊதாப் பழுப்புக் களிமண்ணில் மிங் அரசமரபின் காலத்திலிருந்தே கெண்டிகள் செய்கிறார்கள். மூங்கில் கட்டு, தாமரை, பூசணி போன்ற இயற்கை உருவங்கள் அவர்களுடைய பழைய சொத்து. 17ஆம் நூற்றாண்டில் தேயிலையோடு இந்தக் கெண்டிகளும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஜெர்மனியில் 1710இல் தொடங்கிய மைசன் பீங்கான் ஆலையில், கேண்ட்லர் என்ற சிற்பி 1730களில் குரங்கு வடிவக் கெண்டி செய்தார். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒட்டகத்தையும் மாடி வீட்டையும் உப்பு மெருகிட்ட (சூளையில் உப்பிட்டுப் பளபளப்பாக்கிய) கெண்டிகளாக்கினார்கள். பிளாஸ்டர் அச்சில் களிக்குழம்பை ஊற்றி வார்க்கும் முறை அப்போது அங்கே பரவியதால்தான் இது முடிந்தது. சக்கரத்தில் சுற்றினால் உருண்டை மட்டுமே வரும். அச்சில் ஊற்றினால் சதுர வீடும் வரும்.

ஆங்கிலக் குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் 1759 வாக்கில் நல்லதொரு பச்சை மெருகை உருவாக்கினார். அதன் பயனாக வந்தது காலிஃபிளவர் கெண்டி: மேற்பாதி வெளிர்மஞ்சள் பூ, கீழ்ப்பாதி பச்சை இலை. இரண்டே நிறங்கள், நடுவில் தெளிவான எல்லை. இதைவிட அட்டை வேலைக்கு ஏற்ற வண்ணத்திட்டம் கிடைப்பது அரிது.

1882இல் இங்கிலாந்தின் ராயல் உஸ்டர் பீங்கான் ஆலை ஒரு நையாண்டிக் கெண்டியை வெளியிட்டது. ஒரு பக்கம் பார்த்தால் இளைஞன், திருப்பினால் இளம்பெண். ஒரு கை இடுப்பில் ஊன்றிக் கைப்பிடியாகிறது. மறுகை தளர்ந்து நீண்டு மூக்காகிறது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் அவருடைய அழகியல் கூட்டமும் நீலச் சீனப் பீங்கானைக் கொண்டாடியதைக் கிண்டலடிக்கச் செய்தது இது.

அடுத்தது 1930களின் கார். இங்கிலாந்தின் பர்ஸ்லெமைச் சேர்ந்த ஜேம்ஸ் சாட்லர் நிறுவனத்தின் பந்தயக் கார் கெண்டியில், ஓட்டுநரின் தலைதான் மூடியின் குமிழ். பின்னால் எண்பலகையில் 'ஓகே டி 42'. ஆங்கிலத்தில் 'ஓகே, டீ ஃபார் டூ' என்று வாய்விட்டுப் படித்தால் 'சரி, இருவருக்குத் தேநீர்' என்று பொருள்படும். அட்டைப் பெட்டியில் இப்படி ஒரு எண்பலகை ஒட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது. திருமண நாளோ பிறந்த ஆண்டோ அங்கே உட்காரட்டும்.

இவற்றில் முதலில் எதைச் செய்வது?

தட்டையான முகங்கள் உள்ள ஒன்றை. அழகிலேயே முதலிடம் பெற்ற கெண்டியைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். அது பெரும்பாலும் உருண்டையாக இருக்கும். மூன்றாம் நாள் ஆசையே போய்விடும்.

எளிமையானது கனசதுரக் கெண்டி. முதல் உலகப் போர்க் காலத்தில் ராபர்ட் கிராஃபோர்ட் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. மூக்கும் கைப்பிடியும் வெளியே நீட்டாமல் கனசதுரத்தின் மூலைகளுக்குள்ளேயே அடங்கிவிடும். இடித்து உடையாது, அடுக்கி வைக்கலாம், ஆடும் கப்பலில் எளிதில் கவிழாது. அதனால் கியூனார்ட் நிறுவனத்தின் பயணிகள் கப்பல்களில் அது நெடுங்காலம் புழங்கியது. அடுக்க வேண்டும், இடத்தை வீணாக்கக் கூடாது என்று பெட்டிக்காரர் கேட்பதையெல்லாம் அந்தக் கெண்டி ஏற்கெனவே தந்துவிட்டது.

அடுத்த நிலை குடிசைக் கெண்டி. சுவர்கள் உடல், கூரை மூடி, புகைபோக்கி குமிழ். என்னைக் கேட்டால் முதல் பெட்டிக்கு இதுதான். கனசதுரம் எளிது என்றாலும் பார்ப்பவர் அதைக் கெண்டி என்று உடனே கண்டுகொள்வதில்லை. குடிசைக்கு ஒரு மூக்கும் கைப்பிடியும் ஒட்டியவுடன் சிரிப்பு வந்துவிடும். அந்தச் சிரிப்புக்காகத்தானே இத்தனை பாடு?

ராயல் உஸ்டர் போல இருபக்க உருவம் மூன்றாம் நிலை. தட்டையான இரு உருவங்கள், நடுவே 40 மி.மீ. அகலத்தில் சுற்றி ஓடும் ஒரு பட்டை, அவ்வளவுதான். ஒரு பக்கம் மணமகன், மறுபக்கம் மணமகள் என்று வரைந்தால் கல்யாண வீட்டில் வருபவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பரிசுக்கு அருமையாகப் பொருந்தும்.

உருண்டை வயிற்றை அட்டையில் எப்படிக் கொண்டுவருவது?

முழுமையாகக் கொண்டுவர முடியாது. உருளையையும் கூம்பையும் கிழிக்காமல் விரித்துத் தட்டையாக்கலாம், கோளத்தை முடியாது. 1827இல் கணித மேதை கார்ல் பிரீட்ரிக் காஸ் இதைக் கணிதமாகவே நிறுவிவிட்டார். ஆகவே முயற்சி போதவில்லையோ என்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம். இரண்டு சமரசங்கள் உண்டு.

ஒன்று, எண்கோணம். வயிற்றை எட்டு முகங்களாக்கி, மேலும் கீழும் சரிவான எட்டு முகங்களைச் சேர்ப்பது. எதிரெதிர் முகங்களுக்கிடையே வேண்டிய அகலத்தை 0.414ஆல் பெருக்கினால் ஒரு முகத்தின் அகலம் கிடைக்கும். 80 மி.மீ. அகலமான கெண்டிக்கு ஒரு முகம் 33.1 மி.மீ.; எட்டும் சேர்ந்து 265 மி.மீ. ஏ4 தாளின் நீளம் 297 என்பதால், 10 மி.மீ. ஒட்டுமடியோடு (பசை தடவ விடும் ஓரம்) ஒரே தாளில் அடங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய வெள்ளிக் கெண்டியின் தோரணையும் வரும்.

இன்னொன்று, கதிர் இதழ்கள். உலக உருண்டை செய்பவர்கள் வரைபடத்தை இரு முனையும் கூரான இதழ்களாக அச்சிட்டு ஒட்டுவார்களே, அதே முறை. ஆரம் 40 மி.மீ., இதழ்கள் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு இதழின் நீளம் 126 மி.மீ.; நடுவில் அகலம் 31.4. நடுக்கோட்டிலிருந்து முனை நோக்கி 21 மி.மீ. தள்ளி அகலம் 27.2, 31 மி.மீ. தள்ளி 22.4, 42 மி.மீ. தள்ளி 15.7. இந்தப் புள்ளிகளை வளைகோட்டால் இணைத்தால் இதழ் தயார். கடைசிப் புள்ளியோடு இரு பக்கமும் வெட்டி நிறுத்திவிடுங்கள். மேலே ஏறக்குறைய 40 மி.மீ. விட்டத்தில் திறப்பும், கீழே அதே அளவில் உட்காரும் அடியும் கிடைக்கும்.

இதழ்கள் சேருமிடத்தில் வரிவரியாகத் தெரியும். அதை மறைக்கப் போராடாமல், வரி இருந்தால்தான் அழகு என்கிற உருவத்தைத் தேர்ந்தெடுங்கள். யிசிங் குயவர்களின் பூசணிக் கெண்டி இதற்கென்றே பிறந்தது.

மூக்கும் கைப்பிடியும் எனக்கு வரவே மாட்டேன் என்கின்றன. என்ன செய்யலாம்?

குழாயாகச் சுருட்ட முயல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வளைந்த மூக்கு இரண்டு திசையில் வளைவது. அட்டை ஒரு திசையில்தான் வளையும். சதுர வெட்டுமுகமுள்ள மூக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பக்கவாட்டு உருவத்தை வரைந்து இரண்டு வெட்டுங்கள், ஒன்றையொன்று பார்க்கும்படி. மேல்விளிம்புக்கு ஒரு பட்டை, கீழ்விளிம்புக்கு ஒரு பட்டை. பட்டை ஒரு திசையில் மட்டும் வளைவதால் முரண்டு பிடிக்காது. எவ்வளவு நீளம் என்று கணக்கிட வேண்டாம். வளைவின்மேல் ஒரு நூலை வைத்து அளந்தால் போதும். ஒட்டுமடிகளைப் பட்டையின் ஓரத்தில் 3 மி.மீ. இடைவெளியில் ரம்பப் பற்களாக வெட்டிவிட்டால், வளைவு எப்படித் திரும்பினாலும் கூடவே திரும்பும். ஒட்டுவதற்கு முன் பட்டையை மேசை விளிம்பில் இழுத்துச் சற்றே சுருள விடுங்கள்.

கைப்பிடிக்கும் அதே முறைதான். அவசரமென்றால் 15 மி.மீ. பட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக, வளைத்த நிலையிலேயே ஒட்டுங்கள். காய்ந்தபின் அது நேராகத் திரும்பாது.

பலர் தவறவிடும் செய்தி: மூக்கையும் கைப்பிடியையும், உடல் தட்டையாகக் கிடக்கும்போதே பொருத்திவிட வேண்டும். சுவரில் 1 மி.மீ. அகலத்தில் பிளவு போட்டு, மூக்கின் நாக்கை உள்ளே நுழைத்து, உட்பக்கம் விரித்து ஒட்ட வேண்டும். பெட்டியை மூடியபின் விரல் உள்ளே போகாது. வெளியிலிருந்து ஒட்டிய மூக்கு பரிசு கைமாறும்போதே விழும்.

குடிசைக் கெண்டிக்கு முழு அளவுகள் கிடைக்குமா?

ஏ4 தாளில் அச்சிடும்போது பெரும்பாலான வீட்டு அச்சுப்பொறிகள் ஒவ்வொரு ஓரத்திலும் ஏறக்குறைய 5 மி.மீ. விட்டுவிடும். எனவே நமக்குக் கிடைப்பது 287 மி.மீ. நான்கு சுவர்கள், ஒவ்வொன்றும் 68 மி.மீ.; ஒட்டுமடி 10; மொத்தம் 282. உயரமும் 68 இருக்கட்டும். ஒரு சுவரின் கீழே 68 சதுர அடிப்பலகை, மற்ற மூன்றின் கீழே 15 மி.மீ. ஒட்டுமடிகள். ஒட்டுமடிகளின் முனைகளை 45 பாகைக்குச் சரித்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் மூலையில் ஒன்றோடொன்று மோதும்.

மூடிதான் சற்று யோசிக்க வேண்டிய இடம். சாதாரணப் பெட்டி என்றால் உள்ளே ஒரு கழுத்துப்பட்டை வைத்து, அதன்மேல் மூடியை உட்கார வைக்கலாம். இங்கே கூரை உட்பக்கமாகச் சரிவதால், மேலே நீட்டும் கழுத்து கூரையில் முட்டும். ஆகவே கூரைக்குக் கீழே 12 மி.மீ. உயரத்தில் ஒரு பாவாடைப் பட்டை வைத்து, அது சுவரின் வெளிப்பக்கம் இறங்கும்படி செய்யுங்கள். பார்வைக்கு மர உத்தரம் போல இருக்கும். குறுக்குக் கட்டைகள் வரைந்துவிட்டால் பழைய ஆங்கிலக் கிராமத்து வீடே வந்துவிடும்.

பாவாடையின் ஒவ்வொரு பக்கமும் 69.5 மி.மீ. எதிரெதிரான இரண்டு பக்கங்களின் மேல் முக்கோணம்: அடி 69.5, உயரம் 34.75. சரிவு விளிம்பு 49 மி.மீ. வரும். நான்கு பக்கமும் சேர்ந்து 278. ஒட்டுமடியை 8 ஆக்கினால் 286, மயிரிழையில் தாளில் அடங்கும். கூரை தனித்தாள்: 108க்கு 80 மி.மீ., நடுவில் ஒரு மடிப்பு. முக்கோணச் சரிவின் ஒட்டுமடிகளில் அதை ஒட்டினால் எல்லாப் பக்கமும் 5 மி.மீ. இறவாரம் நீளும். கூரைத்தாளின் கீழ்விளிம்பை ஒழுங்கற்ற பற்களாகக் கத்தரித்தால் வைக்கோல் வேய்ந்ததுபோல் இருக்கும்.

புகைபோக்கி 15 மி.மீ. சதுரக் குழாய். அடியில் இரண்டு எதிர்ப்பக்கங்களைக் கூரைச் சரிவுக்கேற்ப 'வி' வடிவில் வெட்டி, முகட்டின்மேல் குதிரையேற்றி ஒட்டுங்கள். மூடியைத் தூக்கும் இடம் என்பதால் ஒட்டுமடிகள் கூரையைத் துளைத்து உள்ளே போகட்டும்.

மூடியை ஏன் 1.5 மி.மீ. பெரிதாக்க வேண்டும்? ஒரே அளவு வைத்தால் என்ன?

அட்டைக்கும் கனம் உண்டு. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை ஏறக்குறைய 0.4 மி.மீ. தடிமன், மூடியும் உடலும் சேரும்போது அது இரு பக்கமும் கூடும். ஒரே அளவில் வெட்டிய மூடி ஒருபோதும் இறங்காது. உருளை வடிவ மூடி என்றால் இன்னும் கவனம் தேவை: விட்டத்தை 1.5 மி.மீ. கூட்ட, சுற்றுப்பட்டையின் நீளத்தை ஏறக்குறைய 5 மி.மீ. கூட்ட வேண்டும். அட்டையை மாற்றினால் இந்த அளவும் மாறும். புதிய அட்டையில் மூடியையும் உடலின் மேல்விளிம்பையும் மட்டும் முதலில் வெட்டிச் சோதித்துப் பாருங்கள்.

எந்த அட்டை வாங்குவது?

உடலுக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம். மூக்கு, கைப்பிடிப் பட்டைகளுக்கு 160 முதல் 200. கனமான அட்டை சிறு வளைவுகளில் முறிந்துவிடும். பள்ளிக்கூடச் சார்ட் அட்டை மாதிரி பார்க்க உதவும், பரிசாகக் கொடுக்க உதவாது. இனிப்புக் கடைப் பெட்டிகளுக்குப் பயன்படும் டூப்ளெக்ஸ் அட்டை உறுதியானது, மலிவானது; ஆனால் ஒரு பக்கம் சாம்பல் நிறம். மூடியைத் திறந்தவுடன் சாம்பல் தெரிந்தால் பரிசின் முகம் வாடும். இருபுறமும் வெள்ளையான அட்டையைக் கேளுங்கள். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அழைப்பிதழ் அட்டைகளையும் அங்கேயே பார்க்கலாம்.

அட்டைக்கு இழையோட்டம் உண்டு. இரு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும் திசையில் இழைகள் வளையும் கோட்டுக்கு இணையாக ஓடுகின்றன. உருளை, இதழ், பட்டை ஆகியவற்றை அந்தத் திசையில் வெட்டினால் அட்டை ஒத்துழைக்கும்.

எல்லா மடிப்புகளையும் மடிப்பதற்கு முன் அழுத்திக் கோடிட வேண்டும். அச்சகத்தார் இதைக் கிரீசிங் என்பார்கள். வீட்டில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் இரும்பு அளவுகோலும் போதும். கத்தியால் கீறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மடிப்பு நான்கு முறை திறந்து மூடினால் கிழியும்.

பசைக்கு வெள்ளைப் பசை, மிக மெல்லியதாக. மளிகை ரசீதின் ஓரத்தை வெட்டி அதால் தடவினால்கூடச் சரியான அளவு வரும். மழைக்காலத்தில் அதிகப் பசை அட்டையை நெளிய வைக்கும். சூட்டுப்பசைத் துப்பாக்கி வேண்டாம், கட்டி கட்டியாக வெளியே தெரியும்.

கணினியும் வெட்டும் இயந்திரமும் கட்டாயமா?

இல்லை. பத்துப் பெட்டி வரை கையால் வெட்டுவதே வேகம். ஐம்பது என்றால் கிரிக்கட், சில்லவுட் போன்ற மேசை வெட்டு இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தும். அவற்றுக்கான வழக்கமான விரிப்பு 12 அங்குலச் சதுரம் என்பதை நினைவில் வைத்து வரையுங்கள். ஆயிரம் என்றால் அச்சகத்தில் டை (வெட்டும் அச்சு) செய்து வெட்டுவதுதான் கட்டுப்படியாகும். அங்கே லேமினேஷன் போடச் சொன்னால், ஒட்டுமடிகளை மட்டும் விட்டுப் போடச் சொல்ல மறக்காதீர்கள். வழுவழுப்பான படலத்தின்மேல் வெள்ளைப் பசை பிடிக்காது.

வரைவதற்கு இங்க்ஸ்கேப் இலவசம்; இந்த வேலைக்கு அது தாராளம். முப்பரிமாண உருவத்தைத் தானாக விரித்துத் தரும் பெப்பகுரா என்ற ஜப்பானிய மென்பொருளும், பிளெண்டரில் அதே வேலையைச் செய்யும் இணைப்பும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணினி வரைகலையில் உலகப் புகழ்பெற்ற கெண்டி ஒன்று இருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975இல் தன் வீட்டு மெலிட்டா கெண்டியைப் பார்த்துக் கணினியில் ஏற்றியது. அசல் கெண்டி இப்போது கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த உருவம் பல முப்பரிமாண மென்பொருள்களில் தயாராகவே கிடைக்கும். ஆசையோடு அதை எடுத்து விரித்தால், விரல்நகம் அளவில் நூற்றுக்கணக்கான துண்டுகள் வந்து விழும். மென்பொருளுக்கு எது எளிமை என்று தெரியாது. நீங்களே எண்கோணமாகக் குறைத்து வரைந்து, பிறகு விரிக்கச் சொல்லுங்கள்.

தேயிலையை நேரடியாக உள்ளே போடலாமா?

வேண்டாம். அச்சு மையும் பசையும் உணவுக்கானவை அல்ல. தேயிலை சுற்றியுள்ள மணத்தை உறிஞ்சும். மூடி ஒட்டிய உறையிலோ தாள் உறையிட்ட தேநீர்ப் பைகளாகவோ வையுங்கள். உறை தயாரானபின் அதை அளந்து பெட்டியின் அளவை முடிவு செய்வதுதான் முறை. அழகான பெட்டி செய்துவிட்டு உள்ளே எது நுழையும் என்று தேடுபவர்களே அதிகம்.

வண்ணத்தை அச்சிடுவதா, வண்ண அட்டையை வெட்டி ஒட்டுவதா?

நான் வண்ண அட்டைக் கட்சி. வெட்டிய விளிம்பில் வெள்ளைக்கோடு தெரியாது; ஈரம் பட்டால் மை கலையாது. காலிஃபிளவர் போன்ற இருநிற உருவத்துக்கு அச்சே தேவையில்லை: பச்சை அட்டையில் இலைகளை வெட்டி, முனைகளைப் பென்சிலில் சுருட்டி, வெளிர்மஞ்சள் உடலின் கீழ்ப்பாதியில் அடுக்கினால் முடிந்தது. செங்கல், ஓடு, சன்னல் என்று நுண்விவரம் நிறைந்த குடிசைக்கு மட்டும் அச்சு மேல்.

என்னிடமுள்ள கெண்டியை அப்படியே பார்த்துப் பெட்டி செய்து விற்கலாமா?

எந்தக் கெண்டி என்பதைப் பொறுத்தது. 18, 19ஆம் நூற்றாண்டு வடிவங்களில் உரிமைப் பிரச்சினை இல்லை. அண்மைக் காலத்துப் படைப்பு என்றால் ஜாக்கிரதை. இந்தியாவில் கலைப்படைப்புக்கான பதிப்புரிமை பொதுவாகப் படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும். தொழில்முறை வடிவமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு அதிகபட்சம் 15 ஆண்டு, பிரிட்டனில் 25. கார்ட்டூன் பாத்திரங்களின் உருவத்தில் வந்த கெண்டிகளைத் தொடவே வேண்டாம், அவற்றின் உரிமையாளர்களுக்கு வழக்கறிஞர்கள் நிறைய.

சட்டத்தைத் தாண்டியும் ஒரு காரணம் சொல்வேன். அப்படியே பார்த்துச் செய்தது, பீங்கானின் ஏழைப் பிரதியாகத்தான் நிற்கும். கெண்டியில் எது சிரிப்பூட்டுகிறது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் காகிதத்தின் போக்கில் விடுங்கள். சாட்லர் காரில் சிரிப்பு ஓட்டுநரின் தலையைப் பிடித்துத் தூக்குவதில் இருக்கிறது. சக்கரத்தின் வளைவில் இல்லை. ஆட்டோ ரிக்‌ஷாவின் மேற்கூரையைத் தூக்கித் திறக்கும் கெண்டியை நீங்கள் வரைந்தால், அது யாருடைய பிரதியும் அல்ல.

மாதிரிகள் பார்க்க வேண்டுமென்றால், இங்கிலாந்தின் நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் பிரித்தானியக் கெண்டிகளின் மாபெரும் தொகுப்பு உண்டு.

பெட்டியாக விற்பதா, வரைபடமாக விற்பதா?

பெட்டியில் உங்கள் நேரம் கரையும். வரைபடத்தில் ஒருமுறை உழைத்தால் போதும், ஆனால் அடுத்தவர் கையிலும் அது சரியாக வர வேண்டும். எனவே வரைபடம் விற்பவருக்கு எழுத்து வேலை கூடுதல். வெட்டும் கோட்டையும் மடிக்கும் கோட்டையும் வெவ்வேறு நிறத்தில் தனி அடுக்குகளில் வையுங்கள். மலைமடிப்பு (மேலே முகடாக நிற்பது), பள்ளமடிப்பு (உள்ளே குழிவது) ஆகியவற்றுக்கு எந்தக் கோடு என்று ஒவ்வொரு தாளிலும் விளக்கம் போடுங்கள். ஓரிகாமிக்காரர்களும் காகித மாதிரிக்காரர்களும் ஒரே குறியை ஒரே பொருளில் ஆள்வதில்லை. தாளின் ஓரத்தில் 50 மி.மீ. சதுரம் ஒன்றை வரைந்து, அச்சிட்டபின் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பில் அச்சிட்டு அளவு சுருங்கிப்போனவர்களின் புகார்கள் பாதியாகக் குறையும். ஒட்டும் வரிசையை எண்ணிட்டுக் கொடுங்கள். தனிப் பயனுக்கா, செய்து விற்கவும் அனுமதியா என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூரியரில் அனுப்பினால் மூக்கு நசுங்காதா?

நசுங்கும். மூக்கையும் கைப்பிடியையும் ஒட்டாமல், நாக்கை நுழைத்துப் பூட்டும் வகையில் வடிவமைத்துத் தனியே வைத்தனுப்பலாம். நாக்கின் முனையை அம்புத்தலையாக வெட்டினால் உள்ளே போனபின் திரும்பாது. உடலையும் அடி ஒட்டாமல் தட்டையாக அனுப்பினால் ஒரு உறையில் இருபது அடங்கும்.

குழந்தைகள் செய்யலாமா?

எட்டு, ஒன்பது வயதிலிருந்து கனசதுரமும் குடிசையும் செய்யலாம். கத்தி வேலையை மட்டும் நீங்கள் முடித்துக் கொடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பார்ப்பவர்கள் 'பூவாளியா?' என்று கேட்கிறார்களே?

மூக்கு நீளமாகவும் நேராகவும் இருக்கும், அல்லது மிகக் கீழே தொடங்கியிருக்கும். மூக்கின் வாய் மூடியின் விளிம்புக்கு ஏறக்குறைய நேராக வந்து நிற்கட்டும். உண்மைக் கெண்டியிலும் அப்படித்தான். தாழ்ந்திருந்தால் நிரப்பும்போதே தேநீர் வழியும். நீளத்தை உடலின் அகலத்தில் பாதிக்கு மேல் போக விடாதீர்கள். கைப்பிடி மூக்குக்கு நேர் எதிரே, உடலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்ளட்டும். குமிழைச் சற்றுப் பெரிதாக்குங்கள். பூவாளிக்குக் குமிழ் கிடையாது. பிறகு முழு உருவத்தையும் கறுப்புத் தாளில் தட்டையாக வெட்டிச் சுவரில் ஒட்டி, வீட்டில் யாரையாவது கூப்பிட்டு என்னவென்று கேளுங்கள். அட்டையை வெட்டுவது அதற்குப் பிறகு.